பதினேழாம் நம்பர் பிழை

ஞாயிற்றுக்கிழமை ஊத்தங்கரைக்குப் போனாலும் பதினொன்றரை மணிக்கெல்லாம் தப்பித்து வந்துவிடுவது என்று பூபதி செவ்வாய்க்கிழமையே தீர்மானம் போட்டுவிட்டார்.

மச்சான் சென்னகிருஷ்ணன் மகளுக்குக் காதுகுத்து. காதுகுத்தோடு பூபதிக்கு ஒரு பகையும் கிடையாது. ஆனால் மனைவி மணிமேகலையின் சொந்தக்காரர்கள் மொத்தமும் அவரை "என்ஜினீயர் மாப்ள" என்று பாசமாகக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு ஓடாத மிக்சியைக் கையில் கொடுப்பார்கள். போன தடவை புதுமனை புகுவிழாவுக்குப் போய், பட்டு வேட்டியோடு போர் மோட்டார் ஸ்டார்ட்டர் முன்னால் குந்தி, கடைசிப் பந்தியில் வெறும் ரசம் சாப்பிட்டுவிட்டு வந்தவர் அவர்.

பூபதிக்கு வேலை கிருஷ்ணகிரிக்கு வெளியே ஒரு மாங்கூழ் ஆலையில். குழாய் கழுவுவது முதல் டின் மூடுவது வரை எல்லாவற்றுக்கும் தானாக ஓடும் புரோகிராம்களை எழுதி வைத்தவர் அவர்தான். அவற்றை எப்படி ஓட்டுவது என்பது அவர் தலைக்குள் மட்டும் பத்திரமாக இருந்தது. இப்போது ஆலையில் ஏஐ ஏஜென்ட் ஒன்று வந்திருந்தது. இனி எல்லாவற்றையும் அதுவே ஓட்டுமாம். அதற்குப் புரிகிற மாதிரி குறிப்பு எழுதித் தரச் சொல்லிவிட்டார் மேனேஜர் சரிதா மேடம்.

"எது என்ன செய்யும், எப்ப ஓட்டணும், எப்ப ஓட்டக் கூடாது, பிழை வந்தா என்ன பண்ணணும், எல்லாத்தையும் எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க, புரிஞ்சுக்கும். ஆனா ஒரு வரி விட்டீங்கன்னா, அதுவே எதையாவது ஊகிச்சுப் பண்ணிடும்."

ஒரு வரி விட்டால் என்ற இடத்தில்தான் பூபதியின் மூளை எழுந்து உட்கார்ந்தது.

ஞாயிறு பதினோரு மணிக்குக் குழாய் கழுவும் புரோகிராம் ஓடும். வாராவாரம் சோப்புத் தண்ணீர் நுரைத்து, பதினேழாம் நம்பர் பிழை காட்டி நிற்கும். நுரை அடங்கப் பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஓட்டினால் ஒழுங்காக ஓடும். அவசரப்பட்டு உடனே ஓட்டினால் மெஷின் பூட்டிக்கொள்ளும். பூட்டினால் பூபதி நேரில் போய்த்தான் திறக்க வேண்டும். பழம் கெடாது, யாருக்கும் அடிபடாது, பூபதிக்கு மட்டும் விடுதலை.

அன்று சாயங்காலமே அவர் சொல்லச் சொல்ல மணிமேகலை கம்ப்யூட்டரில் அடித்தாள். அவள் தட்டச்சில் ஹையர் பாஸ். இவர் ஒரு விரலால் எழுத்தைத் தேடிக் குத்துகிறவர்.

"பதினேழாம் நம்பர் பிழை வந்தா?" என்று கேட்டாள் மணிமேகலை.

"வந்தா... மறுபடி ஓட்டணும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். மேல போ."

"பிரச்சினைன்னா யாரைக் கூப்பிடணும்னு ஒரு கட்டம் இருக்குதுங்க."

"என் நம்பரைப் போடு" என்றார், கொஞ்சம் வேகமாகவே.

மணிமேகலை அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். அப்புறம் அடித்தாள். அவர் எழுந்து காபி குடிக்கப் போன பிறகும் அடித்துக்கொண்டிருந்தாள். தான் சொன்னதைத் தானே என்ன படிப்பது என்று பூபதி அதை அப்படியே மேடத்துக்கு அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்குக் காது குத்தி முடிந்தது. குழந்தை அழுகையை நிறுத்துவதற்குள் முதல் மிக்சி வந்துவிட்டது.

"மாப்ள, சும்மா ஒரு பார்வை பாருங்க" என்றார் சென்னகிருஷ்ணன்.

"பாக்குறேன் மச்சான். ஆனா பதினோரு மணிக்கு மேல ஃபேக்டரில இருந்து போன் வரும். வந்தா உடனே கிளம்பணும். நான் இல்லாம அங்க ஒண்ணும் ஓடாது."

செருப்பைக்கூட வாசல் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். பதினோரு மணி ஆனது. இரண்டாவது மிக்சி வந்தது. பதினொன்றரை ஆனது. மூன்றாவது மிக்சியைப் பக்கத்து வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தார்கள். போன் வாயே திறக்கவில்லை. பொறுக்க முடியாமல் ஆலை சூப்பர்வைசர் ராஜ்குமாருக்கு அவரே போட்டார்.

"என்னப்பா, பதினேழு வரலையா?"

"வந்துச்சு சார். ஏஜென்ட் பத்து நிமிஷம் கம்முனு இருந்துச்சு, அப்புறம் தானா ஓட்டிருச்சு. நுரை அடங்குற வரைக்கும் கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் எழுதியிருக்கீங்க? மேடம் உங்க குறிப்பைத்தான் எல்லாருக்கும் காட்டுறாங்க!"

பெருமைப்பட வேண்டிய நேரம். பூபதிக்கு அழுகைதான் வந்தது. பலகாரத் தட்டோடு போன மணிமேகலையை நிறுத்தினார்.

"நுரை விஷயத்தை நீயா சேர்த்த?"

"நீங்க மறந்துட்டீங்க. நான் சேர்த்துட்டேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எட்டு வருஷமா ஞாயித்துக்கிழமையானா ஸ்பீக்கர்ல போட்டு, 'பத்து நிமிஷம் கை வைக்காதப்பா'ன்னு வீடே அதிரக் கத்துறீங்க. எதிர்வீட்டு மாதேஸ்வரிக்கே தெரியுமுங்க."

பூபதி மனதைத் தேற்றிக்கொண்டார். பதினேழு போனால் என்ன, இன்னும் முப்பது பிழை இருக்கிறது. ஏதாவது ஒன்று வராமலா போய்விடும்? அப்படி நினைத்து முடிப்பதற்குள் போன் அடித்தது. துள்ளி எழுந்து ஒரு காலைச் செருப்பில் நுழைத்தே விட்டார். கையிலிருந்த போனைப் பார்த்தார். அது சும்மா இருந்தது.

"சொல்லுங்க தம்பி" என்றாள் மணிமேகலை, தன் போனைக் காதில் வைத்து. "ஏஜென்ட் இந்த நம்பரைக் கூப்பிடச் சொல்லுச்சா? சரியான நம்பர்தான், நான்தான் போட்டேன்... ஒன்பதாம் நம்பரா? தொட்டி மூடி சரியா உக்காரல. தூக்கி மறுபடி வையுங்க, ஓடும்... சாரா? அவரை எதுக்குத் தொந்தரவு பண்றீங்க, இங்க இன்னும் ஒரு மிக்சி பாக்கி இருக்குது."