இரண்டு மாப்பிள்ளைக்குக் கால் கழுவிய தோழன்

எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் ஒருவரைப் பார்த்து, "உங்களைத் தெரியேல்லையே" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. பிறகு ஆயுள் முழுக்க நமக்குத் தலைக்கனம் என்று கதைப்பார்கள். அதனால் யாரைக் கண்டாலும் தெரிந்ததுபோல் சிரித்துவைப்பது என் பழக்கம். (அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கவிழ்த்தது.)

சின்னம்மாவின் மகள் துளசிக்கு இங்கே ரொறன்ரோவில் லண்டன் வெள்ளைக்காரர் ஒருவருடன் கலியாணம். அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லாததால் மாப்பிள்ளைத் தோழன் நான். பிக்கரிங் ஹோட்டலிலிருந்து அவரைக் கூட்டிவந்து, மண்டப வாசலில் கால் கழுவி, உள்ளே அழைத்துப்போக வேண்டும். அவரைப் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"அண்ணா, முகூர்த்தம் தவறினா அம்மா மயங்கி விழுந்திடுவா" என்று துளசி பலமுறை எச்சரித்திருந்தாள்.

ஹோட்டல் வாசலில் சூட் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நின்றார். நன்றாகப் பழகிய முகம். சிரித்தேன். அவரும் சிரித்தார்.

"என்னை ஏற்ற வந்த கார் இதுதானா?" என்று லண்டன் ஆங்கிலத்தில் கேட்டார். (வேறென்ன அத்தாட்சி வேண்டும்?)

காரில் ஏறியதும், "பதட்டமாக இருக்கிறதா?" என்று விசாரித்தேன்.

"பதட்டமா? ஒன்பது வயதிலிருந்து இதுதானே வேலை! குரல் உடைந்ததும் கொஞ்சக் காலம் ஒருவரும் கூப்பிடவில்லை. வளர்ந்த பிறகு நாலைந்து தரம் கலியாணம் செய்துவிட்டேன். இரண்டு மனைவிகளை நானே கொன்றேன்" என்றார், வெளியே வேடிக்கை பார்த்தபடி.

துளசிக்கு இது தெரியுமா? லண்டன்காரரின் பகிடியே இப்படித்தானா? பொலிஸுக்குச் சொல்வதா, ஐயருக்குச் சொல்வதா? ஒன்றும் விளங்காமல், முகூர்த்தத்தை மட்டும் நினைத்துக் காரை மிதித்தேன்.

மண்டபத்தில் கிரேனில் ஒரு கமெரா, தலைக்கு மேல் ட்ரோன், கண் கூசும் வெளிச்சம். மனிதர் அதைக் கண்டதும் நிமிர்ந்துவிட்டார். வாசலில் நின்ற நண்பர்களும் மாப்பிள்ளையை முன்பின் பார்த்ததில்லை. சூட்டுக்கு மேலேயே பட்டுவேட்டியைக் கட்டித் தலைப்பாவை வைத்தோம். வீடியோக்காரர், "ஒருக்காத் திரும்பி நடந்து வாங்கோ" என்று கையைக் காட்ட, முதல் தடவையைவிட அழகாக நடந்து வந்தார். சப்பாத்தைக் கழற்றச் சொல்லிக் கால் கழுவினேன். பிறகு விரலை நீட்டினேன். (கால் கழுவும் தோழனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போட வேண்டும்.) அவர் கண்கலங்கி, என் கையைப் பிடித்து முத்தமிட்டார்.

அந்த நேரம் பார்த்துச் சின்னம்மா வெளியே வந்தார்.

"டேய், உவர் ஆரடா?"

"மாப்பிள்ளை, சின்னம்மா."

"மாப்பிள்ளை ஹோட்டலில நிண்டு போன் அடிக்கிறார்! உவர் படத்தில நாய்க்குட்டியைத் துலைச்சிட்டு அழுத பெடியனெல்லே?"

சிறுவயதில் கசெற் தேயுமட்டும் அந்தப் படத்தைப் பார்த்து, அவரோடு சேர்ந்து அழுதவன் நான். பெடியன் வளர்ந்து, பெரிய நடிகராகி, ரொறன்ரோவுக்குப் படப்பிடிப்புக்கு வந்து, என்னைப் படக்குழுவின் டிரைவர் என்று நினைத்து ஏறி, மண்டபத்தையும் படப்பிடிப்பு என்றே நம்பியிருக்கிறார். கொன்ற மனைவிகளும் படத்தில்தான். வெட்கத்தில் அந்தக் கால் கழுவிய செம்புக்குள்ளேயே ஒளிந்துவிடலாம்போல் இருந்தது.

திரும்பவும் பிக்கரிங்குக்குப் பறந்தேன். திரும்பவும் கால் கழுவினேன். முகூர்த்தம் முடிகிற தறுவாயில் தாலி ஏறியது, சின்னம்மா மயங்கவில்லை. நடிகர் முன்வரிசையில் இருந்து வடை பாயசத்தை ஒரு பிடி பிடித்தார். அவரைத் தேடிவந்த படக்குழுவும் சாப்பிட்டுத்தான் போனது.

இப்போதும் குப்பையை யார் வெளியே வைப்பது என்று அந்த வீட்டில் சண்டை வந்தால், துளசி எனக்குத்தான் போன் எடுப்பாள்.

"அண்ணா, நீங்கள் முதல் கொண்டுவந்த ஆளையே நான் கட்டியிருக்கலாம்."

பின்னாலிருந்து அவள் புருஷனின் குரல், நல்ல யாழ்ப்பாணத் தமிழில் கேட்கும்:

"அந்தாள் ரெண்டு பெண்சாதியைக் கொலை செய்தவர் எண்டு சொல்லுங்கோ மச்சான்!"