பவளம் வந்தால் கப்பல்

முல்லா வீதி, புதுச்சேரி
1957 செப்டம்பர், வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி மீராப்பிள்ளைக்கு, உன் கூடப் பிறந்த ஒரே லாத்தா ஜுலைகா பீவி உனக்கும் உன் வீட்டாருக்கும் ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே அல்லாஹ்வின் கிருபையால் கண்ணைத் தவிர எல்லாம் சுகம். காரைக்காலில் எல்லாமே சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். எழுத்து பெரிது பெரிதாக இருப்பதைப் பார்த்து, லாத்தா கோபமாக எழுதுகிறாள் என்று நினைக்காதே. புரை முற்றிவிட்டது, இந்த அளவில் எழுதினால்தான் நான் எழுதியது எனக்கே தெரிகிறது. கோபமும் இருக்கிறது, அது வேறு.

கோபம் உன் போன கடிதத்தின்மேல். குர்ஆனில் ரஹ்மான் சூராவை மனப்பாடம் செய்துவிட்டேன் என்று நான் எழுதினால், பெரியவளுக்கு நல்லதாக நாலு வார்த்தை சொல்வதை விட்டுவிட்டு, “லாத்தா தலையில் கன்னியாஸ்திரிகள் ஏற்றிய பிரெஞ்சுப் பாட்டுக்கே இடம் போதாதே, இது எங்கே உட்காரும்?” என்று எழுதியிருக்கிறாய். நான் விளையாட்டுக்கு இதைத் தொடங்கவில்லை தம்பி. வருகிற திங்கட்கிழமை எனக்குக் கண் ஆபரேஷன். இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் படுக்க வைத்துவிடுவார்களாம். கட்டு அவிழ்த்த பிறகு ஓதும் அளவுக்குப் பார்வை வருமா என்று கேட்டதற்கு, டாக்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு, “பார்க்கலாம் மதாம்” என்றார். யார் பார்க்கலாம் என்று அவர் சொல்லவில்லை. அதனால்தான் கண் இருக்கும்போதே இதை உள்ளே வாங்கி வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேன் என்பதும் சரியில்லை, நின்றேன். கான்வெண்டில் எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று ஒப்பிக்க வேண்டும். யாராவது வாயசைத்து எடுத்துக் கொடுத்தால் கன்னியாஸ்திரி சேர் ஒகுஸ்தீன் கையில் இருக்கும் ரூலர் இரண்டு பேர் மேலும் விழும். அதே ஒழுங்கில் இதையும் படித்தேன். வழக்கமாக ஓதிக் கொடுக்கும் உஸ்தாபீ வந்து உச்சரிப்பைத் திருத்தினார். என் நாத்தனார் சைனம்பு, வெற்றிலையை மென்றுகொண்டே குர்ஆனைத் திறந்து வைத்து விரலால் தொடர்ந்துகொண்டு வந்தாள். அவளுக்கு நான் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று: நான் தடுமாறினாலும் வாயைத் திறக்கக் கூடாது. பிறர் எடுத்துக் கொடுத்து ஓதினால் அது என் மனப்பாடம் ஆகுமா?

இது நிற்க, போன வியாழக்கிழமை உன் மச்சான் இறந்த நாளின் ஆண்டு ஃபாத்திஹா. கூடம் நிறையப் பெண்கள். நான் கிதாப் இல்லாமல் ஓதப் போகிறேன் என்றும், யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்றும் வீதி முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். (நீ சிரிக்காதே.) கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். தண்ணீர் மாதிரிப் போயிற்று. உனக்கே தெரியும், அந்தச் சூராவில் ‘உங்கள் இறைவனின் அருட்கொடைகளில் எதைப் பொய்யென்பீர்கள்’ என்ற ஆயத்து திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் அது ஒரு முச்சந்தி. எந்தப் பக்கம் திரும்புவது என்று நமக்கே தெரிந்திருக்க வேண்டும். கடலில் முத்தும் பவளமும் எடுக்கிற இடத்தில் பவளம் வரும், அதையடுத்துக் கப்பல்கள் வரும். பிற்பாடு சொர்க்கத்துத் தோட்டத்திலும் மாணிக்கத்தோடு பவளம் வரும். அங்கே கப்பல் கிடையாது. ஆனால் நான் சொர்க்கத்துப் பவளத்துக்கு வந்ததும் முச்சந்தியில் பழைய பக்கமே திரும்பிவிட்டேன். கப்பல் கிளம்பிவிட்டது! கிளம்பினால் என்ன, நடுவில் நரகத்தைத் தாண்டி, மறுபடி சொர்க்கம், மறுபடி பவளம், மறுபடி கப்பல். எனக்கு வழி தப்பியது தெரிகிறது, வெளியே வரத்தான் தெரியவில்லை. சைனம்பு விரலைச் சரியான வரியில் வைத்துக்கொண்டு, வாயை இறுக மூடி, கண்ணை உருட்டி உருட்டி என்னைப் பார்க்கிறாள். உஸ்தாபீ தொண்டையைக் கனைக்கிறார். நான் போட்ட கட்டளைக்குப் பயந்து ஒரு ஜீவன் பேசவில்லை. சமையலுக்கு வந்த அஞ்சலாட்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “இன்னும் முடியலீங்களா? தாளிச்சா குழம்பு களியாயிட்டு வருது” என்றாள்.

மூன்றாவது முறை பவளத்துக்கு வந்தபோது சைனம்பு படிக்கத்தில் வெற்றிலையைத் துப்பினாள். “மச்சி, நீங்க என்னை அடிச்சாலும் சரி!” என்றவள், விட்டுப்போன ஆயத்தை உரக்க ஓதினாள். ஹல் ஜஸாவுல் இஹ்ஸானி இல்லல் இஹ்ஸான். நன்மைக்குக் கூலி நன்மையல்லாமல் வேறு என்ன? அவ்வளவுதான், கதவு திறந்துகொண்டது. கடைசி வரைக்கும் ஒரு எழுத்து பிசகாமல் ஓதி முடித்தேன்.

முடித்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். “முதல் தடவையே சொல்றதுக்கு என்ன?”

“நீங்கதானே வாயைத் தொறக்காதேன்னீங்க!”

“நான் சொன்னா? உனக்குப் புத்தி வேணாம்?”

உஸ்தாபீ சிரித்துக்கொண்டே, “பீவி, தப்பினா எடுத்துக் கொடுக்கிறது கேக்கிறவங்க கடமை. நீங்க அவங்களுக்குச் சேர வேண்டிய நன்மையையெல்லாம் வாரிச் சுருட்டி வச்சிக்கிட்டீங்களே” என்றார். இதை சேர் ஒகுஸ்தீனுக்கு யார் போய்ச் சொல்வது? ஆனால் தம்பி, அன்றைக்கு நெய்ச்சோறு ஆறிப்போயிருந்தும் எனக்கு அப்படி ருசித்தது. இத்தனை பேர் எனக்காக வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே என்று நினைத்தால் சிரிப்பாக வருகிறது. இப்போது கட்டளையை மாற்றிவிட்டேன். ஆஸ்பத்திரியில் சைனம்பு என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள், நான் ஓதுவேன், தப்பினால் எடுத்துக் கொடுப்பாள். கண் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆகவே நீ கடையைப் பூட்டிவிட்டு ஓடி வர வேண்டாம். உன் கேலிக்கு இந்தக் கடிதமே பதில்.

உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளும், பெரியவர்களிடம் பேசும் முறையும் கொடுப்பானாக. உன் மனைவிக்கு என் துஆ. மாங்காய் ஊறுகாய் கிடைத்தது, உப்பு கூடுதல்.

இப்படிக்கு,
ஜுலைகா பீவி

பி.கு. உறையை ஒட்டுவதற்கு முன், ஆஸ்பத்திரிக்கு ஒத்திகை பார்ப்போம் என்று, கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு ஓதினேன். பக்கத்தில் சைனம்பு. தினமும் கேட்டுக் கேட்டு அவளுக்கும் பாதி பாடமாகிவிட்டதாம். கிதாபை மூடி வைத்துவிட்டு அவளும் கூடவே ஓத ஆரம்பித்துவிட்டாள். பவளம் வந்தது. இரண்டு பேருமாகக் கப்பலில் ஏறிவிட்டோம். அடுப்பில் இருந்த பால் முழுவதும் பொங்கி வழிந்து, அந்த நாற்றம் வந்துதான் ஓதுவதை நிறுத்தினோம். ஆகவே மேலே எழுதியதைப் பார்க்காதே. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே கிதாபோடு வந்து சேர். நீ மட்டும் எங்களோடு சேர்ந்து ஓதாமல், கிதாபைப் பார்த்துக்கொண்டே இரு.