கடலரிப்புப் பாடத்தில் ஒரு குடை

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

என் மதிப்புக்குரிய பெரியண்ணாவுக்கு,

தம்பி குகதாசன் எழுதிக்கொள்வது. நானும் மனைவி கௌரியும் தங்கச்சி சாம்பவியும் இங்கே நலம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் ரொறன்ரோவில் நலமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். நாங்கள் நலம் என்று எழுதியது உடம்பைப் பற்றி மாத்திரம். மற்றதைக் கீழே எழுதுகிறேன். கையில் தேத்தண்ணி இருந்தால் வைத்துவிட்டு வாசிக்கவும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று யோசிப்பீர்கள். நாகமணி மாமா மகளிடம் ரொறன்ரோ வருகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன். என் போனில் இருந்த முகநூல், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். இனி உயிர் போனாலும் நேரலை செய்யமாட்டேன் என்று கௌரியின் தலையில் அடித்துச் சத்தியமும் செய்திருக்கிறேன்.

விஷயம் பள்ளிக்கூடத்தில் தொடங்கியது. கொட்டாஞ்சேனையில் நான் புவியியல் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு றேமண்ட் என்று ஒரு பிரதி அதிபர் இருக்கிறார். அவரைப் பற்றி உங்களுக்கு இதுவரை எழுதியதில்லை, எழுத ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பகுதியிலேயே பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர், கணிதம் படிப்பிப்பவர், ஐம்பது வயதாகியும் கலியாணம் செய்யாதவர், பிள்ளைகளின் சப்பாத்து நாடா அவிழ்ந்திருந்தாலும் நின்று கட்டவைப்பவர். அவர்தான் இந்த வருஷம் ஆசிரியர்கள் எல்லாரும் சமூக ஊடகத்தால் வாண்மை விருத்தி, அதாவது தொழில் திறமை, பெற வேண்டும், வகுப்பிலும் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு கருத்தரங்கு வைத்து, நான் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து என் போனை வாங்கி, நாடு முழுவதும் உள்ள ஆசிரியர்கள் சேர்ந்திருக்கும் ஒரு முகநூல் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார். நான் முதல் வேலையாக அந்தக் குழுவுக்குத் தாமரைப் பூவோடு காலை வணக்கம் போட்டேன். "சேர், இது கற்பித்தலைப் பற்றிக் கதைக்கும் இடம்" என்று நிர்வாகி மரியாதையாக எழுதினார். பிறகு என் பத்தாம் வகுப்புக்கு ஆறுகளைப் பற்றி ஒரு குரல்பதிவு அனுப்பினேன். மகாவலி கங்கை மலையால் இறங்குகிற இடத்தில் கௌரி வாசலில் நின்று மீன்காரப் பொடியனோடு சிங்களத்தில் பேரம் பேசியதும் அதற்குள் விழுந்துவிட்டது. மகாவலி எங்கே இறங்குகிறது என்பது ஒரு பிள்ளைக்கும் ஞாபகமில்லை. பாரை மீன் விலை எங்கே இறங்கியது என்பது முழு வகுப்புக்கும் ஞாபகம்.

ஆனாலும் பொய் சொல்லக்கூடாது, பிரயோசனமும் இருந்தது. மட்டக்களப்பு ஆசிரியை ஒருவர் வாவி கடலோடு சேருகிற இடத்தில் நின்று நேரலையில் பாடம் நடத்தியதை அந்தக் குழுவில் பார்த்தேன். நான் இத்தனை வருஷமாகக் கரும்பலகையில் ஒரு வளைகோடு போட்டு, இதுதான் கடல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டு ஒழுங்கையால் இறங்கி றெயில் பாதையைத் தாண்டினால் கடல். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை பின்னேரம் கடலரிப்பைப் பற்றி நேரலைப் பாடம், தாய் தகப்பனும் சேர்ந்து பார்க்கலாம் என்று வகுப்புக்கு அறிவித்தேன். அண்ணா, தாய் தகப்பனையும் கூப்பிட்டது நான்தான்.

வெள்ளவத்தைக் கடற்கரையில் பின்னேரம் என்ன இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும். கடல், கருங்கல், கல்லுக்குக் கல் ஒரு குடை, குடைக்குக் கீழே இரண்டிரண்டு பேர். அவர்களைப் படத்தில் பிடிக்காமல் ஒதுக்குப்புறமாக நின்று போனை என் முகத்துக்கு நேரே பிடித்துத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் இதயமும் சிரிப்புமாகத் திரை நிறைந்தது. கண்ணாடி போடாததால் எழுத்துத் தெளிவில்லை. ஒன்றை மட்டும் வாசித்தேன்: "சேர், பின்னுக்குப் பாருங்கோ!" அதையே பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அலையைத் தடுக்கிற கற்களைக் கிட்டப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு நாளும் இப்படி ஒரு ஆர்வத்தை நான் வகுப்பில் கண்டதில்லை. "வடிவாய்ப் பாருங்கோ பிள்ளையள், இதுதான் தடுப்பு" என்று சொல்லிக்கொண்டு போனைத் திருப்பி, கல்லுக்கு மேல் ஏறி, கிட்டப் போனேன். அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்து, எனக்கு நேரே இருந்த குடை மேலே எழும்பியது. கீழே றேமண்ட் சேர். பக்கத்தில் எங்கள் சாம்பவி.

மனுஷன் ஓடவில்லை, ஒளியவில்லை. எழும்பி நின்று, போட்டிருந்த சேட்டை இழுத்துவிட்டு, போனைப் பார்த்து, "குட் ஆஃப்டர்நூன் பிள்ளைகள்" என்றார். பிறகு என்னிடம், "சேர், ஜூன் மாசம் வந்திருந்தா அலை இந்தக் கல்லுக்கு மேலால அடிச்சிருக்கும், நல்லா விளங்கப்படுத்தியிருக்கலாம்" என்றார்.

சாம்பவி, "சின்னண்ணா, முதல்ல அதை நிப்பாட்டுங்கோ" என்றாள். எனக்குத் தொடங்கத்தான் தெரியும், நிப்பாட்டத் தெரியாது. றேமண்ட் சேர்தான் வாங்கி நிப்பாட்டினார்.

வீட்டுக்கு வந்தால் கௌரி வாசலில். "எத்தினை தரம் போன் எடுத்தனான்! ஊரே பாத்திட்டுது. நீங்கள் கல்லைக் காட்டுறியள்!"

அடுத்த நாள் றேமண்ட் சேர் பூசை முடிந்த கையோடு ஒரு கேக்கையும் கொண்டு வீட்டுக்கு வந்தார். இருக்கச் சொல்ல முதலே சொன்னார்: "சேர், நான் ஒளிக்கிறதுக்கு நினைக்க இல்ல. உங்கள்ட்ட எப்படிக் கேக்கிறதெண்டு யோசிச்சுக்கொண்டே நாள் போயிட்டுது. எனக்கு சாம்பவி டீச்சரைக் கட்டித் தாங்க."

எப்படிப் பழக்கம் என்று கேட்டேன். அவள் வர்த்தகம் படிப்பிக்கிறவள் அல்லவா, அந்த ஆசிரியர் குழுவில்தானாம். பிள்ளைகள் பாடத்துக்கு லைக் போடுகிறார்கள், படித்தார்களா என்று எப்படி அறிவது என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் பதில் எழுதியிருக்கிறார். இவள் அதிலே சந்தேகம் கேட்டிருக்கிறாள். இரண்டு வருஷமாக வாண்மை விருத்தி நடந்திருக்கிறது, அண்ணா, எங்கள் வீட்டு மேசையில், என் கண்ணுக்கு முன்னால்.

நான் கோபப்பட்டேன். தம்பி என்ற முறையில் உங்களுக்காகவும் சேர்த்துக் கோபப்பட்டேன். வேற ஆக்கள், வேற சமயம், பெரியண்ணாவுக்கு நான் என்ன சொல்லுறது என்று கத்தினேன். சாம்பவி கத்தவில்லை. "சின்னண்ணா, எனக்கு நாப்பத்தொண்டு. பெரியண்ணா சாதகம் பாத்து வேண்டாமெண்ட ஆக்களெல்லாம் இப்ப பிள்ளையளை யுனிவேசிற்றிக்கு அனுப்பிப்போட்டு இருக்கினம். நான் ஒருத்தரையும் குறை சொல்லேல்லை. ஆனா நான் படிப்பிச்சுப்போட்டுக் களைச்சு வாற நேரம், இண்டைக்கு வகுப்பு எப்பிடிப் போச்சுதெண்டு கேட்ட ஆள் இவர் ஒருத்தர்தான்" என்றாள். கௌரி குசினிக்குள் போய்விட்டாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நான் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சிலர் முறைப்பாடு கொடுத்தார்கள். அதிபர் அம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "ஒருத்தர் படிப்பிச்சிருக்கிறார், மற்றவர் கடல் பாத்திருக்கிறார், இதில எதை நான் விசாரிக்கிறது?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். தவணைப் பரீட்சையில் கடலரிப்பைத் தடுப்பவை இரண்டு எழுதுக என்ற கேள்விக்கு முக்கால்வாசி வகுப்பு கருங்கல், குடை என்று எழுதியிருக்கிறது. பாதிப் புள்ளி போட்டேன். ஆசிரியர் குழுவில் என் பாடத்தை மாணவர் கவனத்தை ஈர்ப்பதற்கு நல்ல உதாரணம் என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் போனில் எல்லாவற்றையும் அழித்தேன்.

அண்ணா, இந்த வீட்டுக்கு மூத்தவர் நீங்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது. அவரையும் வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவளையும் கடற்கரைப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆறுதலாக யோசித்து, அண்ணியோடும் கதைத்து, உங்கள் முடிவை எழுதவும். மாதக்கணக்கானாலும் காத்திருப்போம்.

அண்ணியின் கால்நோவுக்கு மாமா கையில் எண்ணெய் வருகிறது. பிள்ளைகளுக்கு எங்கள் அன்பு. நீங்கள் எங்கே இருந்தாலும் உங்கள் கை எங்கள் தலைக்கு மேலே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத தம்பி,
குகதாசன்

பி.கு.: நாகமணி மாமாவின் விசா பிந்திவிட்டதால் இந்தக் கடிதம் இவ்வளவு நாளும் அலுமாரிக்குள் கிடந்தது. இதற்கிடையில் போன வியாழக்கிழமை சாம்பவிக்கும் றேமண்டுக்கும் பதிவுத் திருமணம் முடிந்துவிட்டது. சாட்சிக் கையெழுத்து நான்தான் வைத்தேன். நேரலையும் நான்தான் கௌரியின் போனில் செய்தேன், அண்ணி பார்க்க வேண்டும் என்று கேட்டபடியால். "உங்கடை அண்ணையைக் கேட்டா இன்னும் பத்து வருஷம் யோசிப்பார், நீங்கள் நடத்துங்கோ" என்று சொன்னதும் அண்ணிதான். தொடக்கத்திலிருந்து முடிவுவரை இருந்து பார்த்து அழுதார். உங்களிடம் தானே பக்குவமாகச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை என்றால், தயவுசெய்து இந்தப் பின்குறிப்பை நீங்கள் வாசித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.