தூக்க மாஸ்டரும் என் நாக்கும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும், தூக்க மாஸ்டருக்கு முன்னால் கண்ணை மூடாதவை இரண்டே இரண்டுதான். ஒன்று கலங்கரை விளக்கம். இன்னொன்று அவர் மனைவி.

மனைவியிடம் ஒரே ஒரு தடவை முயன்று பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். “‘கண்ணு கனக்குது, கண்ணு கனக்குது’ன்னு சொல்லிக்கினே கீறேன் நைனா. ‘எனுக்கு இடுப்புதான் கனக்குது, இந்தக் கொடத்த எறக்கு’ன்னுட்டா. அன்னியோட வுட்டேன்.”

அறுபதுகளின் கடைசியில் நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காகச் சேர்ந்தேன். கப்பலில் ஏறுகிற, இறங்குகிற மூட்டைகளை எண்ணுகிற வேலை. கிரேன் ஒரு தடவை தூக்கும் மூட்டைக் கட்டுக்கு ஸ்லிங் என்று பெயர். கரைப்பக்கம் ஒரு கிளார்க், கப்பல்பக்கம் ஒரு கிளார்க். கரைக்காரர் எண்ணை உரக்கக் கத்த வேண்டும், கப்பல்காரர் அதையே திருப்பிக் கத்தி நோட்டில் எழுத வேண்டும். இரண்டு பேரும் கத்திவிட்டால் அப்புறம் கடவுளே வந்தாலும் அந்தக் கணக்கை மாற்ற முடியாது.

நான் கப்பல்பக்கம். கரைப்பக்கம் தூக்க மாஸ்டர். காதில் பென்சில், நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி, ஐம்பது வயது, அவசரமே இல்லாத குரல். மூர் மார்க்கெட்டில் பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை வாங்கி, அதைப் படித்து மனோவசியம் கற்றுக்கொண்டவர். அந்தப் புத்தகத்தில் முதல் பத்துப் பக்கங்களைக் கரையான் தின்றிருந்தது. ஆளைத் தூங்க வைப்பது எப்படி என்பது அந்தப் பத்துப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. எழுப்புவது எப்படி என்ற பகுதி நல்லவேளையாகப் பத்திரமாக இருந்தது. எனவே ஆரம்பத்தை மட்டும் அவரே கண்டுபிடித்தார்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் ஆளை ஷெட் வாசலில் மூட்டை மேல் உட்கார வைப்பார். சும்மா நிற்கும் கிரேனின் கொக்கி கடல்காற்றில் மெல்ல ஆடும். “அந்தக் கொக்கியையே பாரு. உம் மனசுல இருவது ஸ்லிங்கு பாரம் கீது. ஒவ்வொண்ணா எறக்கிடலாம். இருவது... பத்தொம்போது... பதினெட்டு...” பத்து வருவதற்குள் கண் மூடிவிடும், ஐந்து வருவதற்குள் தலை தொங்கிவிடும்.

இந்த வைத்தியத்துக்கு வராத ஆளில்லை. பீடியை விட வேண்டும் என்று வருவார்கள். பல் பிடுங்கப் பயந்து வருவார்கள். புயலில் படகு கவிழ்ந்து பிழைத்த காசிமேட்டுக்காரர் ஒருவர், தண்ணீரைப் பார்த்தாலே கை நடுங்குகிறது என்று வந்தார். ஆறு வாரத்தில் மறுபடி கடலுக்குப் போனார். முதல் வலையில் கிடைத்த வஞ்சிர மீனை மாஸ்டர் காலடியில் கொண்டுவந்து போட்டார்.

ஆனால் மாஸ்டர் எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ள மாட்டார். தொலைந்த சங்கிலியை மை போட்டுப் பார்க்கச் சொன்னவரைத் துரத்திவிட்டார். பெண்டாட்டி தன் பேச்சைக் கேட்கும்படி செய்ய வேண்டும் என்று வந்தவரிடம், “அத்த நானே இன்னும் கண்டுபிடிக்கல மாமு” என்றார். தலைவலி என்று வந்தால், “மொதல்ல டாக்டராண்ட காட்டு. அவுரு ஒண்ணும் இல்லேன்னு சொன்னா அப்பால எங்கிட்ட வா” என்பார். மேடையில் ஆளைத் தூங்க வைத்து நாய் மாதிரி குரைக்க வைக்கும் வித்தைக்காரர்கள் பேச்சை எடுத்தால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். “தூக்கம்னு சொல்றதே தப்பு நைனா. நீ கேட்டுக்கினுதான் இருப்பே. உனுக்கு இஷ்டமில்லாத ஒண்ண நான் உன்ன செய்ய வெக்க முடியாது. நீ செய்ய நெனச்சி பயந்துகினு கீறியே, அதுக்குத்தான் நானு.”

நான் பயந்துகொண்டிருந்தது பகர வரிசைக்கு. எனக்குத் திக்குவாய். மற்ற எழுத்துகள் ஏதோ வந்துவிடும், ‘ப’வும் ‘ம’வும் உதட்டைத் தாண்டாது. தமிழில் பத்திலிருந்து பத்தொன்பது வரை எல்லா எண்ணும் ‘ப’வில்தான் தொடங்குகிறது என்பதை என்னைப் போல நொந்து அனுபவித்தவன் எவனும் இருக்க முடியாது. நான் பதினொன்றைச் சொல்லி முடிப்பதற்குள் கிரேன் பதின்மூன்றை இறக்கியிருக்கும். அதனால் கத்தாமல், வாயை மட்டும் அசைத்துவிட்டு எழுதிக்கொள்வேன். வேலையில் சேர்ந்த முதல் வாரம் இப்படியே ஓடிவிட்டது.

எட்டாம் நாள் மாட்டிக்கொண்டேன். அன்று சர்க்கரை ஏற்றுமதி. மாஸ்டர், அடுக்கி வைத்த மூட்டை அட்டிக்குப் பின்னால் ஒரு மேஸ்திரியின் பீடியை விடுவித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதிவிட்டது. பாதியில் எழுப்பினால் ஆளுக்குக் கிறுகிறுப்பு வரும் என்று அவர் நிதானமாகத் தொடர்ந்தார். கிரேன் டிரைவர் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டார். எனக்கு அட்டி மறைக்கிறது. கரைப்பக்கக் குரல் மட்டும் கேட்கிறது: “பத்தொம்போது... பதினெட்டு... பதினேழு...” குரலைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. ஸ்லிங்கைத் திருப்பி அனுப்புகிறார்கள்போல என்று நான் கழித்துக் கழித்து எழுதினேன். வாயைத் திறந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேள்வியிலும் ‘ப’ இருந்தது.

அரைமணி கழித்துப் பார்த்தால், என் நோட்டுப்படி அந்தக் கப்பலில் ஏறிய சர்க்கரையைவிட இறங்கிய சர்க்கரை அதிகம். கப்பல் அதிகாரி வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். என் சூப்பர்வைசர் என் முகத்துக்கு நேரே வந்து, “எதுக்குய்யா கழிச்சே?” என்றார். நான் “ப... ப... ப...” என்று நின்றேன். சுற்றிலும் சிரித்தார்கள். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அப்பா இல்லாத வீடு, என் சம்பளம் ஒன்றுதான் வரவு.

மாஸ்டர் அட்டிக்குப் பின்னாலிருந்து வந்தார். “அவரை இன்னாத்துக்கு கேக்குறீங்க? நாந்தான் தப்பா கத்திட்டேன். எம் மேல எயுதுங்க” என்றார். எழுதினார்கள். அவருக்கு ஒரு வாரம் வேலை நிறுத்தி வைத்தார்கள்.

திரும்பி வந்த அன்றே என்னைக் கூப்பிட்டார். “உக்காரு. கொக்கியப் பாரு.”

“போ... போயிடுமா சார்?”

“சுத்தமா பூடும்னு பொய் சொல்ல மாட்டேன். பயம் கொறையும். பயம் கொறஞ்சா நாக்கு அதும்பாட்டுக்கு வேல செய்யும்.”

மூன்று மாதம் உட்கார்ந்தேன். ஒருநாள் வேலை நேரத்தில் அவர் “பன்னெண்டு!” என்று கத்த, நானும் “பன்னிரண்டு!” என்று கத்தினேன். அவர் அடுத்த ஸ்லிங்கைக் கத்தாமல் அப்படியே நின்றுவிட்டார். கிரேன் டிரைவர் மேலேயிருந்து திட்டத் தொடங்கிய பிறகுதான் அசைந்தார்.

இதற்கு நான் செய்த கைம்மாற்றை எழுத எனக்குக் கை கூசுகிறது. நாக்கு கொஞ்சம் இளகியதும் நான் முதலில் செய்த காரியம், கேன்டீனில் மாஸ்டர் மாதிரி பேசிக் காட்டியது. “கண்ணு கனக்குது நைனா” என்று நான் இழுத்தால் கேன்டீனே விழுந்து விழுந்து சிரிக்கும். திக்குவாயன் என்று சிரித்தவர்கள் இப்போது என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். அந்த ருசி என்னை விடவில்லை. ஒருநாள் அவர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, “இழுப்பு பத்தலியே” என்று திருத்திவிட்டு டீ வாங்கப் போனார்.

அடுத்த வருடம் எனக்குப் பெண் பார்த்தார்கள். டோல்கேட்டில் மளிகைக் கடை வைத்திருந்த, திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். பெண் பார்க்கப் போனபோது பயத்தில் பழைய வியாதி திரும்பிவிட்டது. ‘ஆமா’, ‘சரி’ இரண்டைத் தவிர எதுவும் பேசவில்லை. அடக்கமான பையன் என்று நிச்சயம் செய்துவிட்டார்கள். திக்குவாய் என்று தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று நான் ராப்பகலாகப் பயந்துகொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும். பகல் வேளை. துறைமுக கேட் எதிரில் நானும் மாஸ்டரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். வெள்ளை வேட்டியும் துணிப்பையுமாக என் மாமனாராகப் போகிறவர் வந்து நின்றார்.

“மாப்பிள, ஒங்க துறைமுகத்துல தூக்க மாஸ்டருன்னு ஒருத்தர் இருக்காராமே? வாய் திக்குதவங்களக்கூட பேச வச்சிருக்காராம். ஒங்களுக்குப் பழக்கமோ?”

யாரோ சொல்லிவிட்டார்கள், துப்புத் துலக்க வந்திருக்கிறார் என்று முடிவே செய்துவிட்டேன். மாஸ்டர் என் தோளுக்கு ஒரு முழ தூரத்தில் நிற்கிறார். நான் வாயைத் திறந்தேன்.

“இல்லையே மாமா. அப்படிப் பேரையே நான் கேள்விப்பட்டதில்லை. இந்தத் துறைமுகத்தில் அப்படிப்பட்ட பித்தலாட்டக்காரர் யாரும் எனக்குப் பழக்கம் கிடையாது.”

எத்தனை ‘ப’ என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றில்கூட நான் திக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவ்வளவு நீளமாக, அவ்வளவு சரளமாக நான் பேசியதே அதுதான் முதல் தடவை.

மாமனார் மாஸ்டர் பக்கம் திரும்பினார். “அண்ணாச்சி, ஒங்களுக்குத் தெரியுமா?”

மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணில் கோபத்தைத் தேடினேன். கோபம் இருந்திருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாக இருந்திருப்பேன். பெற்ற பிள்ளை முதல் பரிசு வாங்கியதைப் பார்க்கிற மாதிரி அந்த மனுஷன் முகம் பூரித்துக் கிடந்தது.

“எனுக்கும் தெர்யாதுங்க” என்றார். “ஆனா உங்க மாப்ள எவ்ளோ சுத்தமா பேசறாரு, பாத்தீங்களா!”

டீ கிளாஸை வைத்துவிட்டு கேட்டுக்குள் போனார். கல்யாணத்துக்கு நான் அவருக்குப் பத்திரிகை வைக்கவில்லை.

கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து, மாமனார் தும்மிக்கொண்டே பொடி போடுவதைப் பார்த்து என் மனைவி அலுத்துக்கொண்டாள். “இந்தப் பொடிய விடணும்னு அப்பா யாரோ தூக்க மாஸ்டரத் தேடி ஒங்க துறைமுகத்துக்கே வந்தாவளே. அப்படி ஆளே இல்லன்னு நீங்கதான் சொல்லிட்டீங்களாம்.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, “திக்குவாய் பத்தி ஏதோ விசாரிச்சாரே?” என்றேன்.

“அத என்னத்த விசாரிக்க? நீங்க திக்குவீங்கன்னு தரகர் அன்னைக்கே சொல்லியாச்சு. அதனாலென்ன, எங்க வீட்டுல அப்பாவே எல்லாருக்கும் சேத்துப் பேசிருவாவ.”

பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். மறுநாள் ஷெட்டுக்கு ஓடினேன். மாஸ்டர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். எதிரில் நின்று, “ம... ம... ம...” என்றேன். ‘மன்னிச்சிடுங்க’ என்ற சொல் உதட்டைத் தாண்டவில்லை. பொய் சொன்னபோது அருவி மாதிரி கொட்டிய நாக்கு இது. அவர் சீவுவதை நிறுத்திவிட்டு, என் சொல்லை எடுத்துக் கொடுக்காமல், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். சங்கு ஊதியது. அப்போதும் காத்திருந்தார்.

“வரும் நைனா. அவசரம் இன்னா?” என்றார் கடைசியில்.

அதற்குப் பிறகும் பல தடவை முயன்றேன். ஒவ்வொரு தடவையும் அவர் வேலையை நிறுத்திவிட்டு நின்றார். ஒவ்வொரு தடவையும் ‘ம’விலேயே நின்றுபோனேன். ஓய்வு பெற்று மாத்தூரில் மகள் வீட்டுக்குப் போனார். ஒருநாள் பஸ் ஏறிப் போய், அந்தத் தெருமுனை வரை நடந்துவிட்டு, திரும்பி வந்துவிட்டேன். நாலாம் மாதம் அவர் போய்விட்டதாகச் செய்தி வந்தது.

எழுதும்போது நான் திக்குவதில்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்: மன்னிச்சிடுங்க சார். எனக்கு உங்களை நன்றாகத் தெரியும்.