அன்செல்மோவின் வேண்டுதலும் மயாமிப் பெட்டியும்

2019ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் தேதி, சனிக்கிழமை முற்பகலில், லோமா செக்கா ஊரின் கோயிலுக்கு எதிர்வீட்டில் வசிக்கும் ஷேர் டாக்சி ஓட்டுநர் அன்செல்மோ, இணையத்தில் வாங்கி மயாமியிலிருந்து வரவழைத்த ஸ்பீக்கர் பெட்டியைத் தம் காரின் டிக்கியில் வைக்க முயன்றார். பெட்டி நுழையவில்லை. அல்தகிராசியா மாதாவின் ஊர்வலம் திங்கட்கிழமை மாலை கோயிலிலிருந்து ஆற்றுப்பாலத்துக்குப் புறப்பட வேண்டியிருந்தது.

"குறுக்க வெச்சுப் பாரு" என்றாள் மனைவி நுரிஸ்.

"வெச்சாச்சு."

"நெடுக்க?"

"அதுவும் ஆச்சு. காஸ் சிலிண்டர் இடிக்குது."

அவ்வூர் டாக்சிகள் அனைத்தும் காஸில் ஓடுபவை. சிலிண்டர் டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். இணையதளமோ காரின் மாடலைக் கேட்டறிந்து, 'கச்சிதமாகப் பொருந்தும்' என்று பச்சை எழுத்தில் உறுதியளித்திருந்தது. ஜப்பானியர் செய்த டிக்கியைத்தான் அது அறியும். அதனுள்ளே அன்செல்மோ ஏற்றிய சிலிண்டரை அறியாது.

ஆகஸ்டு மாதம் நுரிஸ் அறுவைச் சிகிச்சைக்குச் சென்றபோது, அவள் பிழைத்தால் ஊர்வலத்தின் முன்னே தம் கார் பாடிக்கொண்டு செல்லும் என்று அன்செல்மோ மாதாவிடம் வேண்டிக்கொண்டார். அவள் பிழைத்தாள். அதுவரை அந்தப் பெருமை ஊர்ப் பெரியவர் தோன் காந்திதோவின் சிவப்பு ஜீப்புக்கு உரியது. ஊரில் கார் ஸ்பீக்கர் விற்கும் ஒரே கடைக்காரரும் அவரே. அவரிடமே வாங்கி அவரையே முந்துவது மரியாதையன்று என்பதால் அன்செல்மோ இணையத்தை நாடினார்.

"இதோ பாரு அன்செல்மோ, வேண்டிக்கிட்டது நீ. நிறைவேத்தலைன்னா மாதா திருப்பி எடுத்துக்கப்போறது என்னை! இது என்ன நியாயம்?" என்றாள் நுரிஸ்.

இந்தக் கோணத்தில் அன்செல்மோ சிந்தித்ததே இல்லை.

வேறு வழியின்றி அவர் தோன் காந்திதோவின் கடைக்குச் சென்றார்.

"பெட்டிய கொஞ்சம் சின்னதா வெட்டித் தருவீங்களா?"

"எங்க வாங்கினே?"

"மயாமில."

"அப்ப மயாமியையே வந்து வெட்டச் சொல்லு, தம்பி!"

கடையிலிருந்தோர் அனைவரும் சிரித்தனர்.

"ஆன்லைன்ல விலை கம்மி, ஒத்துக்கறேன். ஆனா ஒரு சந்தேகம்னா அது கூட உக்காந்து காபி குடிக்குமா? வெட்டினா சத்தம் செத்துப்போகும். பேசாம சிலிண்டரக் கழட்டு. பெட்ரோல்ல ஓட்டு."

அறிவுரை இலவசம், சிரிப்பும் இலவசம். அன்செல்மோ சிலிண்டரைக் கழற்றினார். பெட்டி அளவெடுத்துத் தைத்தாற்போல் உட்கார்ந்தது. தெருவே கூடி நிற்க, அவர் பாட்டைப் போட்டார். எதிரே கோயில் ஜன்னல்கள் கிடுகிடுத்தன. பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள் சிலுவை இட்டுக்கொண்டனர்.

"மாதா காதுல விழுந்திருக்கும்" என்றாள் நுரிஸ், முதன்முறையாகப் புன்னகைத்து.

பிறகு அவர் பெட்ரோல் ஊற்றிச் சாவியைத் திருகினார். கார் இருமியது. மறுபடி திருகினார். இருமலும் நின்றது.

மெக்கானிக் செலோ பெட்ரோல் தொட்டிக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"கடைசியா எப்ப பெட்ரோல் போட்டே?"

"கல்யாணத்துக்கு முன்னாடி."

"அடப்பாவி! உள்ள பூரா துரு. பம்ப்பும் போச்சு. புதுசு தலைநகர்ல இருந்து வரணும். செவ்வாய்க்கிழமை வரும்."

"ஊர்வலம் திங்கக்கிழமைய்யா!"

"அத பம்ப்புகிட்ட சொல்லு."

பெட்டியின் கனத்தைக் கூரை தாங்காது, பின்கதவில் அது நுழையவும் நுழையாது; ஆகவே ஞாயிறன்று அன்செல்மோ சிலிண்டரைக் காரின் கூரைமேல் கயிற்றால் கட்டி, குழாயை முன்பக்கமாக இன்ஜினுக்கு இறக்கினார். கார் இயங்கியது. அவர் ஆனந்தக் கண்ணீரைத் துடைப்பதற்குள் கோயிலிலிருந்து பாதர் பஸிலியோ ஓடிவந்தார்.

"அன்செல்மோ! தலைக்கு மேல என்னப்பா அது?"

"காஸ், பாதர்."

"பின்னாடி முந்நூறு பேர் மெழுகுவத்தி பிடிச்சுக்கிட்டு வருவாங்க! நீ மாதாவக் கூட்டிட்டுப் போறியா, எங்க எல்லாரையும் மாதாகிட்ட கூட்டிட்டுப் போறியா?"

சிலிண்டர் இறங்கியது, அதனுடன் காரின் உயிரும் இறங்கியது.

திங்கள் பிற்பகல், மலையுச்சியிலுள்ள கோயில் வாசலில் சிவப்பு ஜீப் பூமாலையுடன் நின்றது. அன்செல்மோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தோன் காந்திதோவின் முன் சென்றார். நுரிஸ் முகம் சுண்டிப்போய் அவர் பின்னால் நின்றாள்.

"தோன் காந்திதோ, நான் தோத்துட்டேன். என் பெட்டிய உங்க ஜீப்புல ஏத்திக்கங்க. பாட்டாவது என்னோடதா இருக்கட்டும். என் வண்டில இன்ஜின் ஓடலை. இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

தோன் காந்திதோ வானத்தைப் பார்த்தார்.

அருகில் மெழுகுவர்த்தி அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி ஆல்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்ஜின் எதுக்குப்பா உனக்கு? இங்கேருந்து பாலம் வரைக்கும் இறக்கந்தானே! எங்க ஜீப்புல ஒன்பது வருசமா இன்ஜினே கிடையாது. அதைக் கழட்டிட்டுத்தான் இவர் அங்க ஸ்பீக்கர் வெச்சார். வருசா வருசம் விடியறதுக்குள்ள எங்கண்ணன் மாடு பூட்டி மேல இழுத்துட்டு வர்றாரு!"

பாதர் பஸிலியோவின் கையிலிருந்த ஜெபமாலை கீழே விழுந்தது.

அங்கேயே முடிவாயிற்று: அன்செல்மோவின் கார் முன்னும் ஜீப் பின்னுமாக, இரண்டும் கைபிரேக்கில் இறங்கும், பாலத்திலிருந்து இரண்டையும் அதே மாடுகள் மேலே இழுத்துவரும், மாடுகளுக்குத் தீவனம் அன்செல்மோவின் செலவு.