சக்கின் மூன்று தாடைகளும் என் ஒரே மானமும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. இங்கே தங்கள் தங்கை நலம், லேத்தும் நலம், இரண்டுக்கும் நடுவில் நானும் நலம். தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் நடுவே சிரித்துவிடுவீர்கள். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

பட்டறையை மூடும்போது நீங்கள் எனக்குத் தந்த கடைசல் லேத் எங்கள் பின்னறையில் இருக்கிறதல்லவா, அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது. தங்கள் தங்கைக்குப் பள்ளிச் சீருடை தைக்கும் ஆர்டர் கிடைத்திருக்கிறது, துணி வெட்டும் மேசையைப் போட இடம் வேண்டுமாம். "அந்த இரும்பு இந்த வீட்டுக்கு இதுவரைக்கும் என்ன செஞ்சுது? என் தையல் மிஷின்ல அச்சு நுழைஞ்சு சுத்துற புஷ் தேஞ்சுபோய் லொடலொடங்குது. அத மட்டும் கடைஞ்சு குடுத்துட்டா அறை உங்களுது. இல்லேன்னா ஆர்டர் தொடங்குறதுக்குள்ள லேத் வெளிய போகணும்" என்றாள். வெளியே என்றால் பழைய இரும்புக்காரர் வண்டி என்று அர்த்தம். ஓய்வு பெற்ற பிறகு எனக்கென்று இருப்பது அந்த ஒரு லேத்துதான், அதையும் விட்டுவிட்டு நான் எங்கே போய் நிற்பது?

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. உடனே ஒரு பித்தளைத் துண்டை, லேத்தில் துண்டைக் கவ்விச் சுழற்றுகிற அந்தச் சக்கில் மாட்டி ஓட்டினேன், துண்டு தலையாட்டியது. குனிந்து பார்த்தால், சக்கின் மூன்று தாடைகளும் வாய்ப்பக்கம் தேய்ந்து விரிந்து, முன்பல் போனவர் கடைவாயில் மெல்லுகிற மாதிரி துண்டை உள்பக்கத்தில் மட்டும் கவ்விக்கொண்டிருக்கின்றன. சரி, மூன்றையும் சமமாகத் தேய்த்துவிடலாம் என்று கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துத் திரும்ப மாட்டினேன். இரண்டு தாடைகள் நடுவில் வந்து சேர, மூன்றாவது மட்டும் கோபித்துக்கொண்டு தள்ளி நிற்கிறது. ஒவ்வொன்றின் மேலும் எண் பொறித்திருப்பதை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். வரிசை மாற்றி மாட்டியிருக்கிறேன். சரியாக மாட்டி, கைக் கிரைண்டரை லேத்தின் மேல் இறுக்கிக் கட்டி, கல் பொடி லேத்தின் தண்டவாளத்தில் விழுந்துவிடக் கூடாதே என்று கைக்கெட்டிய துணியை நனைத்து விரித்தேன். அது ஏதோ ஒரு மாணவனுடைய கால்சட்டையின் வலது கால் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தபோது வீட்டில் நடந்ததை எழுதப் போவதில்லை, நீங்கள் அவளோடு வளர்ந்தவர்.

தேய்க்கும்போது தாடைகள் ஆடாமல் விறைப்பாக நிற்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது நினைவிருந்தது. தடித்த இரும்பு வளையம் ஒன்றைத் தாடைகளைச் சுற்றிப் போட்டு, தாடைகளை விரித்து அதில் முட்டவைத்து இறுக்கினேன். அடடா, என்ன வழவழப்பாகத் தேய்ந்தது தெரியுமா மச்சான், பொறி பறந்தது, நான் பாடக்கூடச் செய்தேன். பிறகு ஒரு நேர்க்கம்பியை மாட்டி, கம்பி துளி ஆடினாலும் ஊசியால் காட்டிக்கொடுக்கிற, நீங்கள் தந்த டயலை வைத்துப் பார்த்தால் ஊசி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துள்ளுகிறது. முன்னைவிட மோசம். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். தங்கள் தங்கை வந்து என்ன ஏது என்று கேட்டு, வளையத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத வெச்சுத் தாடைய வெளிப்பக்கமா தள்ளித் தேச்சிருக்கீங்க. வேலை செய்றப்போ அது உள்பக்கமா இல்ல கவ்வும்? வயித்த எக்கிக்கிட்டு நிக்கிறவருக்கு அளவெடுத்துத் தைச்சா, அவரு மூச்சு விட்டதும் பேண்ட் எப்படிச் சேரும்?"

எனக்கும் இப்போதுதான் அதே சந்தேகம் வந்தது என்று சொல்லிவைத்தேன். அவள் நம்பவில்லை. வளையத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரே பருமனில் மூன்று இரும்புக் குச்சிகளை எடுத்து, தாடைக்கும் தாடைக்கும் இடையிலுள்ள இடுக்குகளில் செருகி, இந்த முறை கவ்வுகிற மாதிரியே உள்பக்கமாக இறுக்கி, மறுபடி தேய்த்தேன். கம்பியை மாட்டினேன். டயலை வைத்தேன். சக்கைக் கையால் மெல்லச் சுற்றினேன்.

ஊசி அசையவில்லை, மச்சான். வேகமாகச் சுற்றினேன், அசையவில்லை. கம்பியைக் கழற்றி மாட்டிச் சுற்றினேன், அப்போதும் அசையவில்லை. உங்கள் பட்டறையில்கூட ஊசி ஒரு கோடாவது நகர்ந்திருக்கும், சத்தியமாகச் சொல்லுங்கள். தங்கள் தங்கையைக் கூவி அழைத்துக் காட்டினேன். டயலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "ஆமா, அசையவே இல்ல" என்றாள். நான் அடுத்த ஓட்டத்தில் புஷ் கடைந்து கையில் கொடுத்தேன். அவளே மிஷினில் மாட்டினாள். இப்போது மிஷின் ஓடுவதே தெரியவில்லை. "அறை உங்களுது" என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கல் பொடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே தாங்கள் அவசியம் வந்து சக்கை நேரில் பரிசோதித்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் எல்லாரும் கை கால் சுகத்தோடு, கையில் ஒரு வேலையோடு நீண்ட நாள் இருக்க என் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு: அண்ணா, நான்தான் எழுதுறேன். கவரை ஒட்டச் சொல்லி என்கிட்ட குடுத்தாரு. ரெண்டாவது தடவை டயலை மூடாமத் தேச்சதுல பொடி உள்ள போய் ஊசி இறுகிப்போச்சு. அவரு அந்தப் பக்கம் திரும்பினதும் சுண்டிப் பாத்தேன், நகரல. அவரு கடைஞ்ச புஷ்ல ஓட்டை ஒரு பக்கம் போகுது, வட்டம் ஒரு பக்கம் போகுது. மிஷின்ல இருக்கிறது கடையில வாங்கினது. மேசைய எங்க படுக்கையறையில போட்டுட்டேன், கட்டில் சுவரோட ஒட்டிக்கிச்சு. வேலைய விட்டு வந்ததுல இருந்து பேசாம ஜன்னலையே பாத்துக்கிட்டு இருந்த மனுஷன், இப்போ சாப்பிடக் கூப்பிட்டா "வர்றேன், வர்றேன்"னு உள்ளயிருந்து கத்துறாரு. நீங்க வாங்க, சக்கைப் பாருங்க. ஆனா வேற டயல் மட்டும் கொண்டு வந்துடாதீங்க.