பெரட்டுக் கங்காணி பார்த்த யானை

செத்துப் போனவர்களைக்கூட வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடக்கூடிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் பிறந்திருக்கிறார் என்றால், அது எங்கள் பெரட்டுக் கங்காணிதான். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் இலங்கை மலைநாட்டில், திம்புள்ளப் பக்கத்துத் தோட்டங்களில் விசாரித்துக்கொள்ளலாம்.

பெரட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தேயிலைத் தோட்டத்தில் விடியுமுன்னே கொம்பு ஊதி, ஆட்களைக் களத்தில் வரிசையாக நிறுத்தி, இன்ன மலைக்கு இன்னார் என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. வந்தவருக்கு அன்றைய பேர், அதாவது ஒரு நாள் கூலி, விழும். பிந்தியவருக்கு அரைப்பேர். மற்றவர்களுக்கு அது வேலை. எங்கள் கங்காணிக்கு அது மூச்சு. கல்யாணப் பந்திக்கு முன்னால் பெரட்டு எடுப்பார். தாலி கட்டப் பிந்தி வந்த மாப்பிள்ளை ஒருவரை எல்லோர் முன்னாலும் நிறுத்தி "ஒனக்கு அரைப்பேரு" என்று சொன்னவர் அவர். மணப்பெண் அதைக் கடைசிவரை மறக்கவில்லை; புருஷனோடு சண்டை வரும்போதெல்லாம் அவனை அரைப்பேர் என்றுதான் கூப்பிடுவாள். இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கிறவர்களை இரண்டு வரிசையாகப் பிரித்து, மூச்சு வாங்க முறை வைத்துக் கொடுத்ததை நானே பார்த்தேன். அவருடைய சொந்தப் பெயர் அவர் சம்சாரம் மீனாச்சியம்மாவுக்காவது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

நான் அப்போது தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர். காயத்துக்குக் கட்டுப் போடுகிற உத்தியோகம். எந்நேரமும் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை. ரத்தத்தைக் கண்டால் பயமில்லை. மற்ற எல்லாவற்றையும் கண்டால் பயம். பூனை குறுக்கே வந்தால் அதற்கு வழிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிற ஆள் நான்.

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது எங்கள் பெரிய துரைதான். அவரும் நாலைந்து துரைமாரும் துரைசானிமாரும் கூட்டாகக் கப்பலேறித் தென் ஆப்பிரிக்காவுக்குச் சுற்றுலா போய்வந்தார்கள். மூன்று பட்டணம், இரண்டு காடு. வந்ததும் கிளப்பில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார். உத்தியோகத்தர்கள் உள்ளே நாற்காலியில். கங்காணிமார் வெளியே ஜன்னலில். சிங்கம் வந்தது, ஒட்டகச்சிவிங்கி வந்தது, அடுக்கு மாடிகள் வந்தன. துரை எழுந்து, யாராவது ஏதாவது கேட்க விரும்பினால் கேட்கலாம் என்றார். நாற்காலிக்காரர்கள் மரியாதையாகச் சிரித்தோம். ஜன்னலிலிருந்து கங்காணியின் குரல் கேட்டது.

"அந்த ஊருல நம்ம ஆளுங்க இருக்காங்களாங்க, தொரே?"

இருக்கிறார்கள், டர்பன் பக்கத்தில் கரும்புத் தோட்டங்களில் நிறையப் பேர் என்றார் துரை.

"அவுங்க இந்தச் சிங்கத்தப் பாத்திருக்காங்களாங்க?"

துரை விளக்கைத் தட்டிச் சரிசெய்தார். பிறகு அடுத்த படத்தைப் போட்டார்.

மறுநாள் கங்காணி ஆஸ்பத்திரிக்கு வந்தார். நோய் ஒன்றுமில்லை, தீர்மானம்தான். தைப்பொங்கல் லீவில் நாமும் கூட்டமாகப் போகிறோம். கண்டி, கொழும்பு, காலி என்று மூன்று பட்டணம், யால என்று ஒரு காடு என்றார். துரைக்கு இரண்டு காடாயிற்றே என்றேன். நமக்கு ஒன்று போதும், ஆனால் அதில் ஆனை இருக்க வேண்டும் என்றார்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த வருஷங்களில் எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு எந்த நாடும் சொந்தமில்லை. கங்காணி அதே தோட்டத்தின் கூலி வீட்டு வரிசையில், லயத்தில், பிறந்தவர். இந்த நாட்டுப் பிரஜை என்று எழுதிக் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மகன் ஏற்கெனவே திருச்சிப் பக்கம் போயிருந்தான். அவரும் மீனாச்சியம்மாவும் அடுத்த சித்திரைக்குள் கிளம்பியாக வேண்டும்.

"அங்க போனா கேப்பாங்கல்ல, டிரசர் ஐயா, சிலோன் எப்படி இருக்கும்னு? நான் என்னத்தச் சொல்றது? ஹட்டன் டேசன்ல பிளாட்பாரம் இருக்கும்னா? ஒரு காட்டானையக்கூடப் பாக்கலன்னு சொன்னேன்னா, இவன் அங்க பொறந்தாங்கிறதே பொய்யின்னுருவாங்க."

நான் வாயைத் திறக்குமுன், காட்டில் யாருக்காவது ஏதாவது ஆகுமென்று என்னையும் சேர்த்துக்கொண்டுவிட்டார். ஏதாவது ஆவதானால் முதலில் எனக்குத்தான் ஆகும் என்பதை நான் வெளியே சொல்லவில்லை.

ஹட்டன் டவுனிலிருந்து பண்டா என்ற டிரைவரோடு ஒரு சின்ன பஸ் வந்தது. ஏறும் முன் பெரட்டு. ஆளுக்கு இரண்டு கம்பளி கொண்டுவர வேண்டும் என்பது கங்காணியின் கட்டளை. மழையிலும் பனியிலும் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் தலையோடு போர்த்திக்கொள்கிற கறுப்புக் கம்பளி. எங்கள் ஆட்களுக்குக் காடு என்பது தோட்டத்துக்கு மேலே, மலை உச்சியில் இருப்பது. மேலே போகப் போகக் குளிர். ஆகவே காடு என்றால் குளிர். பெரிய காடு என்றால் பெரிய குளிர். தப்பேயில்லாத கணக்கு. நானும் எதற்கும் இருக்கட்டும் என்று கம்பளிச் சட்டையொன்றை மடித்து வைத்துக்கொண்டேன்.

கண்டியில் ஆற்றில் யானை குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸே எழுந்து நின்று பார்த்தது. கங்காணி மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொழும்பில் மிருகக்காட்சிச்சாலைக்குப் போகலாமே என்று நான் ஆசையோடு சொன்னேன். கம்பிக்குப் பின்னால் நிற்கும் மிருகங்களோடு எனக்குப் பகையே இல்லை. கங்காணி ஒப்பவில்லை.

"கூண்டுல நிக்கிறதெல்லாம் பேரு விழுந்த மிருகம்ங்க. நேரத்துக்கு எந்திரிச்சு, நேரத்துக்குத் தின்னுட்டுப் படுக்குது. அதப் பாக்க லயத்துலயே இருந்திருக்கலாமே?"

கடலை மட்டும் அவர் மறுக்கவில்லை. கொழும்புக் காலிமுகத்திடலில் வெகுநேரம் அலையையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் என்னிடம் வந்து, இவ்வளவு வேலை ஓயாமல் நடக்கிறதே, மேல்பார்க்க ஆளே இல்லையா என்று கவலையோடு விசாரித்தார்.

யாலவுக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் பஸ் ஒரு நடமாடும் அடுப்பு. கம்பளி மூட்டைகள் சீட்டுக்குக் கீழே கிடந்து, கால்மாட்டிலிருந்து வெந்து வந்தது. காட்டுப் பங்களாவில் வழிகாட்டியாக ஒரு கார்ட் வந்து சேர்ந்தார். மெலிந்த, கோபக்கார மனிதர். சத்தம் போடக்கூடாது, பஸ்ஸை விட்டு இறங்கக்கூடாது, வெள்ளை உடுப்பு வெகுதூரத்திலேயே மிருகங்களின் கண்ணில் படும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். நான் கொண்டுவந்திருந்தது எல்லாமே வெள்ளை.

மறுநாள் விடியற்காலை. காடு அமைதியாக இருந்தது. பங்களாவுக்கு முன்னாலிருந்த குளத்தில் தண்ணீர் குடிக்க என்னென்னவோ கூடியிருந்ததாம். கங்காணி வாசலில் நின்று பித்தளைக் கொம்பை எடுத்துப் பெரட்டுக்கு ஊதினார்.

அந்தச் சத்தம் எங்கள் தோட்டத்தில் நாலு மலை தாண்டிக் கேட்கும். சமதரையில் எவ்வளவு தூரம் கேட்டது என்பதை ஓடிய மிருகங்களைத்தான் கேட்க வேண்டும். நான் எழுந்து வந்தபோது குளத்தில் தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கார்ட் ஓடி வந்து, கங்காணியின் ஏழு தலைமுறையைப் பற்றியும் மூச்சுவிடாமல் பேசினார். கங்காணி என்னைப் பார்த்து, ஐயா என்ன சொல்கிறார் என்று கேட்டார். காட்டு நடுவில் இரண்டு பேருக்கும் கைகலப்பு வந்தால் யாருக்குக் கட்டுப் போடுவது என்ற பயத்தில், கொஞ்சம் மெதுவாக ஊதச் சொல்கிறார் என்று மொழிபெயர்த்தேன்.

அடுத்த நாள் அவர் மெதுவாக ஊதினார்.

ஆக, இரண்டு நாள் சுற்றி நாங்கள் பார்த்தது மயில். கட்டை மாதிரி ஒரு முதலை. அது முதலை மாதிரி ஒரு கட்டை என்பது பண்டாவின் கட்சி. மீனாச்சியம்மா கம்பளி மூட்டைமேல் உட்கார்ந்து விசிறிக்கொண்டே சொன்னார்: "இந்தா மனுசா, மயிலப் பாக்கணும்னா முருகன் கோயில் படத்துலயே பாத்திருப்பேன்ல? அதுக்கு எதுக்கு என்னய அவிச்சுக் கொண்டாந்தே?"

அன்று சாயந்தரம் திரும்பியாக வேண்டும். கங்காணி கொம்பைச் சாக்குக்குள் போட்டுக் கட்டினார். அதன்பிறகுதான் கார்டின் முகத்தில் உயிர் வந்தது. கங்காணி பண்டாவுக்குப் பின்னால் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். உட்காரவேயில்லை.

"ஆனை வராம இந்த பஸ்ஸு கேட்டத் தாண்டாது, பண்டா."

பஸ் அதை நம்பிவிட்டது போலிருக்கிறது. கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் புகைவிட்டு நின்றது. பண்டா எஞ்சினை ஆறவிட்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வெக்கை தாங்காமல் நான் நாளெல்லாம் குடித்த தண்ணீர், தன் கோரிக்கையை முன்வைத்தது அப்போதுதான். கார்ட் மறுபக்கம் திரும்பியிருந்தார். நான் பின்கதவால் இறங்கி, ஒரு முட்புதர்வரை போனேன்.

காரியம் முடிந்து திரும்புகிறேன். புதருக்கு அப்பால் பாறை ஒன்று இருந்தது. வரும்போது அது அங்கே இல்லை.

பண்டா "அலியா" என்று மூச்சாகச் சொன்னது மட்டும் கேட்டது. யானைக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். என் காலுக்கும் எனக்கும் இருந்த உறவு அந்த நிமிஷத்தோடு அறுந்தது. ஓடு என்றேன், கால் கேட்கவில்லை. சத்தம் போடு என்றேன். வாயும் கால் கட்சியில் சேர்ந்துவிட்டது. என்னிடம் கடைசியாக மீதியிருந்த தைரியம் எல்லாவற்றையும் திரட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

இனி நடந்தது பஸ்ஸில் இருந்தவர்கள் சொன்னது. எஞ்சினைக் கிளப்பினால் யானை மிரளும், யாரும் அசையக்கூடாது என்றாராம் கார்ட். எல்லோரும் கங்காணியின் கையைப் பார்த்தார்களாம், சாக்கைப் பிரித்துக் கொம்பை ஊதப் போகிறார் என்று. அவர் சாக்கைத் தொடவில்லை. மீனாச்சியம்மாவை எழுப்பிவிட்டு அடியிலிருந்து ஒரு கம்பளியை உருவினார். கார்ட் சட்டையைப் பிடித்து இழுத்தார். கங்காணிக்குத் தெரிந்த சிங்களம் கொஞ்சம். அதில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம்: என் ஆளில் ஒருவர் குறைகிறார்.

இந்த மனிதரைத் தடுக்க முடியாது என்று கண்ட கார்ட் காதுக்குள் சொல்லி அனுப்பினார். தலையைத் தூக்காதே. அதன் முகத்தைப் பார்க்காதே. மண்ணைப் பார்த்து, மெல்ல நட.

கங்காணி மண்ணைப் பார்த்து, மெல்ல நடந்தார்.

எனக்குத் தெரிந்தது, திடீரென்று ஆட்டு வாசனையோடு உலகம் இருண்டதுதான். யானை என்னை விழுங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். யானையின் வயிறு இத்தனை சொரசொரப்பாக இருக்குமா என்றுகூட ஒரு யோசனை ஓடியது. பிறகு வயிற்றுக்குள்ளிருந்து கங்காணியின் குரல் வந்தது.

"வெள்ளச் சட்டைய மூடிட்டேங்க. அசையாதீங்க. மழையில நிக்கிறோம்னு நெனச்சுக்கங்க."

ஒரே கம்பளிக்குள் இரண்டு பேரும் குனிந்து நின்றோம். பக்கத்தில் கிளை முறிகிற சத்தம், மெல்லுகிற சத்தம், அடுப்பை ஊதுவது போல ஒரு மூச்சு. எவ்வளவு நேரமென்று தெரியாது. என் கணக்கில் ஒரு பருவமழைக் காலம். பிறகு புதர் சரசரத்தது. பண்டா எஞ்சினைக் கிளப்பினார்.

பஸ்ஸுக்குள் வந்ததும் ஒரே அழுகையும் சிரிப்பும். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன் என்று நானே சொல்லி நானே சிரித்து வைத்தேன். மற்றவர்கள் முந்திக்கொண்டால் வலிக்கும். கங்காணி மட்டும் சிரிக்கவில்லை. சம்சாரத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எம்புட்டு ஒசரம் இருந்துச்சு, மீனாச்சி?"

"ஏன், நீ பாக்கல?"

"கார்டு தலையத் தூக்காதேன்னாருல்ல. நகம் பாத்தேன். ஒவ்வொண்ணும் ஒரு தேங்கா மூடி."

இரண்டு நாளாக அவரைத் திட்டிக்கொண்டிருந்த மீனாச்சியம்மா முந்தானையால் அவருடைய கழுத்து வியர்வையைத் துடைத்துவிட்டார். கேட்டை மூடும் நேரமாகிவிட்டது, யானை நின்ற இடத்துக்குத் திரும்பப் போக முடியாது என்று கார்ட் கையை விரித்தார். கங்காணி தலையாட்டினார்.

ஊர் வரும்வரை பஸ் முழுக்க அந்த யானையை அவருக்குக் கட்டிக் கொடுத்தோம். காது இவ்வளவு என்றார் ஒருவர், இல்லை முறம்தான் என்றார் இன்னொருவர். தந்தம் இருந்தது, இல்லை என்று சண்டை வந்தது. அவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டார். என்னிடம் மட்டும் கேட்கவில்லை.

பங்குனி கடைசியில் ஹட்டன் ஸ்டேஷனில் இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார் போகிற குடும்பங்களை ரயிலேற்ற ஊரே நின்றது. அழுகிற சத்தத்தில் வண்டியின் கூவல் கேட்கவில்லை. கங்காணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

"ஐயா, அது நம்ம ரெண்டு பேரையும் என்னங்க பண்ணிக்கிட்டிருந்துச்சு, அம்புட்டு நேரம்?"

"ஒங்களத்தான் பாத்துக்கிட்டே இருந்துச்சு, கங்காணி."

கம்பளிக்குள் கண்ணை மூடி நின்றவன் சொல்கிற சாட்சி. அது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் முகம் அப்படி மலர்ந்தது. வண்டி நகர்ந்தபோது, எதிர்ச் சீட்டில் இருந்த முன்பின் தெரியாத ஆளிடம் அவர் கையைத் தலைக்குமேல் தூக்கி, இன்னும் கொஞ்சம் தூக்கி, ஏதோ ஒரு உயரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ யானைகளைப் பத்திரமான தூரத்தில் நின்று பார்த்துவிட்டேன். ஒன்றுகூட அந்தக் கை காட்டிய உயரம் வரவில்லை.